ஊதாப் பூனை

எங்கள் வீட்டில் வெகுநாள் இருந்தது கறுப்பு வெள்ளை டிவிதான். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ஓடிவந்து கார்ட்டூன் பார்ப்பேன். ஒரு பூனை ஒரு வாத்தைத் துரத்தும். கடைசியில் அடி பூனைக்குத்தான். தெருப் பிள்ளைகள் எல்லாம் வாத்துக் கட்சி. எனக்கோ அந்த வாத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

டிராயிங் ஹையர் பரீட்சை தேறியிருந்த சமயம், பழனி ரோட்டில் புதிதாகத் திறந்த நர்சரிப் பள்ளியின் தாளாளர் சுற்றுச்சுவரில் கார்ட்டூன் வரையச் சொன்னார். வரைந்தது அவருக்குப் பிடித்துவிட்டால் ஜூன் மாதத்திலிருந்து நான் அங்கே டிராயிங் டீச்சர். வீட்டில் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள்.

நான் என் பூனையை வரைந்தேன். அது யாரையும் துரத்தவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்தது. உடம்பெல்லாம் ஊதா. அத்தனை வருடம் அடி வாங்கினால் கன்றிப்போகாதா? கண்ணுக்கு வந்தபோது பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே தேய்த்தேன். அப்போதுதான் நான் நினைத்த கோபம் அதில் வந்தது.

தாளாளர் பார்த்தார். வகுப்புக்குள் போய் ஒரு பிள்ளையின் பையை எடுத்துவந்து சுவரோரம் பிடித்தார். பையில் அதே பூனை, ஆரஞ்சு நிறத்தில். அதன் நிறம் அதுவென்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். முகம் சுட்டது.

“ஏம்மா, எந்த ஊர்ல பூனை ஊதாவா இருக்கு?”

“எந்த ஊர்ல சார் பூனை ஆரஞ்சா, ரெண்டு கால்ல நடக்குது?”

“இம்புட்டு வாய் ஆகாதும்மா. நாளைக்குள்ள மாத்திரு. வேலை ஒனக்குத்தான்.”

மறுநாள் ஆரஞ்சு டப்பாவைத் திறந்தேன். அவர் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பூனையைத் தொடவில்லை. அதைச் சுற்றியிருந்த வானம் முழுக்க ஆரஞ்சைப் பூசினேன். பஸ்ஸில் போகிறவர்களுக்கும் பூனை பளிச்சென்று தெரிந்தது.

“நீ கெளம்பும்மா,” என்றார். அன்று சாயங்காலமே சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்.

ஜூனில் அந்த வேலைக்கு வேறொரு பெண் போனாள். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானும் அழுதேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்குப் பூனையின் மேல் ஆரஞ்சைப் பூசியிருந்தால், வாத்துக் கட்சியில் நானும் சேர்ந்திருப்பேன்.