மதியத்துக்கு முன் விரித்த துணி

ஜாபோலியே ஊரில் ரொட்டிக் கடை ப்ரைனாவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு காலத்தில் ஊரில் பாதிப் பேர் யூதர்கள். நாற்பத்திரண்டில் ஒரு காலையில் ஜெர்மன்காரர்கள் அவர்களை ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்துக்கு ஓட்டிப்போய், சுட்டு மூடினார்கள். காட்டுக்குள் ஓடித் தப்பியவள் ப்ரைனா ஒருத்திதான். சண்டை ஓய்ந்து திரும்பியவளிடம், "மறுபடி எதுக்கு இங்க வந்தே?" என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள்.

"என் ஊருக்கு வர்றதுக்குக் காரணம் வேற சொல்லணுமா?" என்றாள்.

ஐம்பத்தொன்பதில் கூட்டுப்பண்ணைத் தலைவர் அந்தப் பள்ளத்தை மூடிய மேட்டையும் உழுது உருளைக்கிழங்கு போடச் சொன்னார். ப்ரைனா மூன்று மனு கொடுத்தாள்.

"அங்க கல்லும் இல்ல, சிலுவையும் இல்ல. புல்லுக்கு யாரும்மா மனு எழுதுவாங்க?" என்று அவர் சிரித்தார்.

உழவுக்குக் குறித்த நாளில் ராதவ்னித்சா வந்தது. கல்லறைமேல் துணி விரித்து, செத்தவர்களோடு உட்கார்ந்து ஊரே சாப்பிடும் நாள். 'மதியம் வரை உழு, மதியம் அழு, அந்தியில் ஆடு' என்பார்கள். யூதர்களுக்கு அந்த வழக்கம் இல்லை; கல்லறைமேல் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். பதினாலு வருடமாக ப்ரைனா வைத்த கற்கள் யார் கண்ணிலும் படவில்லை.

காலையில் பண்ணையின் டிராக்டர்காரன் சிதார் உழ வந்தபோது மேட்டின் நடுவில் வெள்ளைத் துணி கிடந்தது. அதன்மேல் வெங்காயத்தோலில் சாயமேற்றிய முட்டைகள், அப்பம், ஒரு புட்டி வோட்கா. பக்கத்தில் ப்ரைனா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, மணி எட்டுதான் ஆகுது. மதியம் வரைக்கும் உழவுதானே?"

"உங்க ஆளுங்களுக்கு மதியம். எங்க ஆளுங்க அன்னிக்கு மதியத்தப் பாக்கல, சிதார்."

"உங்கள்ல இந்தப் பழக்கமே கிடையாதே."

"எங்க பழக்கத்த எவன் மதிச்சான்? அதான் உங்களோடத எடுத்துக்கிட்டேன். இப்ப ஏத்து, பாப்போம்."

சிதார் எஞ்சினை அணைத்தான். சத்தம் நின்றதைக் கேட்டுத் தலைவர் வேகமாக வந்தார். "என்னடா வேடிக்கை? ஓட்டு."

"துணி விரிச்ச இடத்துல என் சக்கரம் ஏறாது. ஏத்தினா எங்கம்மா சோறு போடமாட்டா. வேணும்னா நீங்க ஏறி ஓட்டுங்க."

தலைவர் இருக்கையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். மதியம் அவரும் தன் அப்பாவின் கல்லறையில் துணி விரிக்க வேண்டியிருந்தது. திரும்பி நடந்தார்.

சிதார் தொப்பியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து ஒரு முட்டையை உரித்தான். "உப்பு வைக்கலியேக்கா."

"உங்க பழக்கம்தானே? நீ கொண்டு வரக்கூடாதா?"

மறு வருடமும் ப்ரைனா காலை எட்டு மணிக்கே துணி விரித்தாள். உப்பைச் சிதாரின் அம்மா கொண்டு வந்தாள்.