சந்தனம் அடைத்த துப்பாக்கி

அப்பா இறந்த மூன்றாம் மாதம், எங்கள் வீட்டு நாட்டுத் துப்பாக்கியைக் கேட்டுச் சித்தப்பா வந்தார். மேனாம்பேட்டில் எங்களுக்கு இருந்தது ஒரு வேர்க்கடலைக் கொல்லை. காவல் இல்லாவிட்டால் பன்றிகள் ஒரு செடி மீதம் வைக்காது. துப்பாக்கி கைக்கு வந்தால் கொல்லையும் பின்னாலேயே வரும் என்பது சித்தப்பாவின் எண்ணம். அம்மா தரவில்லை. லைசென்சை யார் பெயருக்கு மாற்றுவது என்று விசாரிக்கத் தாலுகா கச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக ஆயிற்று.

அவர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஆயுத பூஜை. தாலியறுத்தவள் கை படக்கூடாது என்று சித்தப்பாவே வந்து கலப்பைக்கும் மண்வெட்டிக்கும் சந்தனம் வைத்தார். துப்பாக்கிக்கு மட்டும், இனித் தன்னுடையது என்பதாலோ என்னவோ, அள்ளி அப்பினார்.

அதிகாரி வந்ததும் அவரிடமும் சித்தப்பாவே முந்திக்கொண்டார்.

“பொம்பள கையில துப்பாக்கி இன்னாத்துக்குங்கய்யா? எங்கூட்ல இருந்தா நான் பாத்துக்க மாட்டனா?”

“பன்னி இன்னா, பொம்பள கொல்லன்னு ஒதுங்கியா பூடுது?” என்றாள் அம்மா.

அதிகாரி சிரித்துவிட்டார். வேலியோரம் ஓர் ஓட்டைப் பானையைக் கவிழ்க்கச் சொல்லி, அதைச் சுடுகிறவருக்கே எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார்.

சித்தப்பா மருந்தும் ரவையும் போட்டு இடித்தார். கேப்பு மாட்டி விசையை இழுத்தார். கேப்பு மட்டும் ‘பட்’டென்றது. மூன்று முறையும் அப்படியே. கேப்பின் நெருப்பு மருந்துக்குப் போகிற சின்னத் துளையில் அவர் அப்பிய சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.

“குடு நைனா, பூஜ போட்டது போதும்.”

அம்மா கொண்டை ஊசியை உருவித் துளையைக் குத்திச் சுத்தம் செய்தாள். அதில் ஒரு சிட்டிகை மருந்து தூவி, புதுக் கேப்பு மாட்டித் தோளில் வைத்தாள். பானை சிதறியது. ஊர் நாய்கள் அடங்க வெகுநேரம் ஆயிற்று. லைசென்சுக்கு அம்மா கைநாட்டு வைத்தாள்.

அறுவடை முடிந்தபின் ஒரு காலை, பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்கச் சித்தப்பா நான்கு பேரோடு வந்தார். அம்மா வாசலில் உட்கார்ந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் மோர் குடித்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், போய்விட்டார்கள். கொல்லையில் பயிரே இல்லாதபோது எந்தப் பன்றிக்காக இந்த எண்ணெய் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மணியடிக்க நேரமாகிவிட்டதென்று சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அவர்களையும் தாண்டி ஓடினேன்.