அத்தை மட்டும் உணர்ந்த அதிர்வு

ஒன்பது வயதில் நான் சரியான வாயாடி. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெருவுக்கே ஒப்பிப்பேன். பேசியே ஆகவேண்டிய ஒரு நாளில் மட்டும் வாயை மூடிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

கவரைப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி எங்கள் வீடு. அப்பா ரயில்வேயில் கேங்மேன். ஆடிக்கு வந்திருந்த அப்பாவின் தங்கை, கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். புத்தூர்க் கட்டுப் போட்டு உள்ளே பாயில் கிடத்தியிருந்தோம். கால் கூடியதும் பொதட்டூர்பேட்டையில் புருஷன் வீட்டுக்கு அனுப்பவேண்டும்.

ஒரு மத்தியானம் அத்தை கத்தினாள். "அண்ணி, தரை ஆடுது!"

அம்மா அடுப்படியில் இருந்தாள், நான் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. "ரயிலு போயிருக்கும்," என்றாள் அம்மா.

"ரயிலு எனக்குத் தெரியாதா அண்ணி? அது தூரத்துலேர்ந்து வரும். இது அடியிலேர்ந்து வந்து முதுகுல முட்டிச்சு."

அதோடு விட்டாளா? பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். படுத்தே கிடந்து மூளை கலங்கிவிட்டது என்று தெருவில் சிரித்தார்கள். அம்மா பெரியபாளையத்து அம்மனை வேண்டிக்கொண்டாள். அப்பாவுக்கு வேறு பயம். பைத்தியம் என்கிற பேச்சு பொதட்டூர்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தால் தங்கையை அவர்கள் திரும்பச் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள்.

பத்து நாள் கழித்து எங்கள் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் நிலநடுக்கத்தை ஆராய்கிறவராம். அம்மாவும் தெருவில் மற்றவர்களும் நடவுக்குப் போயிருந்தார்கள், அப்பாவும் நானும்தான் அகப்பட்டோம். "பத்து நாளைக்கு முன்னாடி மத்தியானம் சின்னதா ஒரு அதிர்வு. மெஷின்ல பதிவாயிருக்கு. இங்க யாருக்காவது தெரிஞ்சுதா?"

எந்த ஊரில் எவ்வளவு உணர்ந்தார்கள் என்று குறித்துவந்தால், பூமிக்குள் அது எங்கே கிளம்பியது என்று கண்டுபிடிக்கலாம். நாளைக்குப் பெரிதாக வந்தால் எந்த ஊரில் வீடுகளைப் பலமாகக் கட்டவேண்டும் என்று இன்றைக்கே சொல்லலாம் என்றெல்லாம் பொறுமையாக விளக்கினார். "நடமாடிட்டு இருந்தவங்களுக்குத் தெரியாது. படுத்திருந்தவங்களுக்குத்தான் தெரியும். அப்படி யாராவது இருந்தாங்களா?"

அப்பா உள்பக்கம் ஒருதரம் பார்த்தார். வந்தவர் தங்கையின் பெயரை எழுதிக்கொண்டு போவார், அது எங்கெங்கோ போகும் என்று பயந்திருக்கவேண்டும். "யாரும் இல்ல சார். ரயிலு போற எடம், எப்பவும் ஆடிக்கினுதான் இருக்கும்."

"நீ சொல்லு பாப்பா," என்றார் அவர் என்னிடம்.

அப்பா என்னைப் பார்த்தார். அதட்டுகிற பார்வையாக இருந்திருந்தால்கூட நான் உளறியிருப்பேன். அப்பா கெஞ்சினார், கண்ணாலேயே. "தெரியாது சார்," என்றேன். அவர் காகிதத்தில் எங்கள் ஊர்ப் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நான் உள்ளே போனேன்.

"யாருடி வந்தது?" என்றாள் அத்தை.

"ரேஷன் கார்டு பாக்க வந்தாரு அத்தை."

"இன்னா கேட்டாரு?"

"ஊட்ல எத்தினி பேருன்னு."

அத்தை என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "செரி, போய் வெளையாடு," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றோடு தரை ஆடிய பேச்சை அவள் எடுக்கவே இல்லை. அம்மன் கண் திறந்துவிட்டாள், புத்தி தெளிந்துவிட்டது என்று அம்மா அழுதேவிட்டாள். கால் கூடியதும் வேண்டுதலை நிறைவேற்றப் பெரியபாளையம் போனோம். புத்தி தெளிந்ததற்காக அத்தை வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்துக் கோயிலைச் சுற்றிவந்தாள். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அத்தையை இனி யாரும் பைத்தியம் என்று சொல்லமாட்டார்கள் என்ற சந்தோஷத்தில் நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் படுத்திருந்த இடத்துக்கும் வாசலுக்கும் நடுவே இருந்தது வெறும் ஓலைத் தட்டிதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.