திரிந்த பாலும் திரியாத பாலும்

எண்பதுகளில் மொரிஷியஸின் வடகரையில் ஒரு பெரிய ஹோட்டலின் பாரில் வேலை பார்த்தேன். ரசாயனம் படித்துவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து இங்கே ஒரு சர்க்கரை ஆலையின் ஆய்வகத்துக்கு வந்தவன் நான். ஆலையில் ஆட்குறைப்பு வந்தபோது ஹோட்டல் கூப்பிட்டது. பாரை ஆய்வகம்போல நடத்த வேண்டுமென்பது அங்கிருந்த பிரெஞ்சு மேனேஜரின் ஆசை. பீக்கர், புனல், வடிதாள், எனக்கொரு வெள்ளைக் கோட்டு. கூடவே விருந்தோம்பல் வேறு. வருகிற ஒவ்வொருவரின் கையையும் இரு கைகளாலும் பொத்திப் பிடித்து, பெயர் சொல்லி, சொந்தக்காரரைப்போல வரவேற்க வேண்டும். வெயிலுக்கு எண்ணெய் பூசிய அந்தப் பிசுபிசுத்த கைகளை நினைத்தால் இன்றும் குமட்டுகிறது. அதைவிட, அப்போது நான் சிரித்த சிரிப்பு.

என் மனைவி இந்த ஊர்த் தமிழ்ப்பெண். குட்லண்ட்ஸில் ஒரு தையல் ஆலையில் இருந்தவள், மகளுக்கு மூச்சிரைப்பு வந்ததும் வேலையை விட்டாள். என் சம்பளம்தான் வீடு. அந்த வருடம் தைப்பூசக் காவடிக்குச் சாந்த் குருவா என்ற ஊரின் கோவிலுக்குப் பால் சொம்பு எடுப்பதாக மகளுக்காக வேண்டிக்கொண்டாள். பத்து நாள் விரதம். கவிச்சி இல்லை, மது இல்லை. வீட்டில் ஒருவர் தவறினாலும், சுமந்து போகிற பால் வெயிலில் திரிந்துவிடும் என்பது இங்குள்ள நம்பிக்கை. பால் திரிந்தால் மகளின் இரைப்பு போகாது என்று அவள் பயந்தாள். நானும் அவளோடு விரதம் ஏற்றேன்.

விரதத்துக்கு முந்தின நாள், சும்மா இருந்த நான் வாயைத் திறந்தேன். வெயிலில் நடந்தும் பால் திரியாததைப் பற்றி மேனேஜரிடம் பெருமையாக அளந்துவிட்டு, "எலுமிச்சை போட்டால் எந்தப் பாலும் திரியும், வடித்தால் தண்ணீராகத் தெளியும்" என்று படிப்பையும் காட்டினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

அவர் கண் மின்னியது. "ரம் சேர்த்தால், காவடியன்று இதுதான் நம் பானம். சின்னப் பித்தளைச் சொம்புகளில், வேப்பிலை சுற்றிக் கொடு. ஊர்வலம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் உருகிப்போவார்கள்."

மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. மறுநாளே சோதனை தொடங்கியது. ரம்மில் எலுமிச்சைச் சாறு கலந்து பாலில் ஊற்றுவேன். பால் வாந்திபோலக் கட்டிகட்டியாகப் பிரியும். புளித்த வாடை மூக்கிலேறும். வடிதாளின் வழியே பளிங்குபோலச் சொட்டும். சர்க்கரையை அளக்கக் கருவி இருந்தது. புளிப்பு சரியா என்று சொல்ல என் நாக்குதான் இருந்தது. ஒரு மிடறு வாயில் வைத்துத் துப்புவேன். விழுங்கினால்தானே குடிப்பது, துப்பினால் விரதம் கெடாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு அவளோடு விளக்கின் முன் நிற்பேன். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

காவடியன்று எனக்கு விடுப்பில்லை. கொதிக்கிற தார்ச்சாலையில் அவள் வெறுங்காலோடு தலையில் பாலைச் சுமந்து நடந்த நேரத்தில், நான் குளிர்பதன அறையில் ரம் சொம்புகளுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தேன். ஊர்வலம் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி, சொம்பைத் தலையில் வைத்து ஆடிக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

சாயங்காலம் வீட்டு வாசலில் அவள் காத்திருந்தாள். காலெல்லாம் கொப்புளம். முகத்தில் அப்படியொரு சிரிப்பு. எப்போதும்போல இந்த ஊர்ப் பேச்சான கிரியோலில் கத்தினாள்:

"கெத் சா! திலே பா ஃபின் காயே!"

பார், பால் திரியவே இல்லை என்கிறாள். அபிஷேகம் முடிந்து கொடுத்த பால் சொம்பின் அடியில் இருந்தது. மகளுக்கு முதலில் புகட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, கோவிலில் கற்ற தன் தமிழில் சொன்னாள்:

"நீங்க நல்லா விரதம் பிடிச்சது. அதனாலேதான் சாமி கேட்டது. குடிங்க."

கையை நீட்டினேன். எத்தனை முறை சோப்புப் போட்டும் போகாத எலுமிச்சையும் ரம்மும் அதில் மணத்தன. அவளுக்கும் மணத்திருக்கும், வேலை வாடை என்று நினைத்திருப்பாள். உள்ளங்கையில் பாலை ஊற்றினாள். கெட்டியாக, வெள்ளையாக, கொஞ்சமும் திரியாத பால். மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாளும் துப்பியவன், அதை விழுங்கினேன்.