கடற்பஞ்சுக்குள் ஒண்டியவை

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக் குடியிருப்பைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடுமாம். அதனால் பால் வெட்டப் போகிற எங்களை ஒரு வாய் கஞ்சிகூடக் கொண்டுபோக விடவில்லை. மசக்கையில் விடியற்காலை எதை விழுங்கினாலும் எனக்கு நிற்காது. மதியம்வரை வெறும் வயிற்றோடு வெட்டித்தான் முதல் பிள்ளை கலைந்தது. இரண்டாவதும் போய்விடுமோ என்று தினமும் செத்துப் பிழைத்தேன்.

என் வீட்டுக்காரர் மலாக்கா கடற்கரையில் ஒரு மலாய் மீனவரிடம் கடற்பஞ்சு ஒன்றை வாங்கி வந்தார். ஆழத்தில் போட்ட வலையில் ஏறியதாம். ரப்பர் பால் பிடிக்கிற மங்கு துடைக்க என்று வாளியில் போட்டுக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள், அதிலேயே கஞ்சியை ஊறவைத்துவிடலாம் என்றார். பெரிய மூளைதான்.

பஞ்சின் பொந்துகளில் சின்ன நட்சத்திர மீன்கள் ஒண்டியிருந்தன. கூடவே இன்னொரு சாதி: பொத்தான் அளவு உடம்பு, பூரான் போல ஐந்து கைகள். இழுத்தால் கைதான் ஒடிந்து வந்தது. உடம்பு உள்ளேயே இருந்துகொண்டது. கடலுக்கடியில் பஞ்சை விட்டு வராமல் கையை மட்டும் வெளியே நீட்டி இரை பிடிக்குமாம். கொடுத்துவைத்த ஜென்மங்கள் என்று எரிச்சலாக வந்தது.

செத்துக் காய்ந்தும் அவை நாறின. வேலி வாசலில் சோதனை போடுகிற பெண் பஞ்சிலிருந்து துருத்திய கைகளைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொல்லிவிடுவாள். மரங்களுக்குள் போய்ச் சேலைத் தலைப்பில் பிழிந்து குடிப்பேன். பாதி நாள் வாந்தியாகிவிடும்.

அதைப் பொறுக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஊசியால் அத்தனையையும் நோண்டி எடுத்து, பஞ்சைச் சவர்க்காரம் போட்டு அலசிவைத்தார். மறுநாள் நாற்றமில்லையே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, வாசல் நினைவுக்கு வரவில்லை.

சோதனைக்காரி பஞ்சை எடுத்துப் பிழிந்தாள். வெள்ளையாகச் சொட்டியது. ரப்பர் பால் என்று உளறினேன். இன்னும் ஒரு மரம்கூட வெட்டவில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

பின்னால் நின்ற அவர் முன்னே வந்தார். தான்தான் ஊற்றியதாகவும் எனக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொல்லிவிட்டார். போலீஸ் லாரியில் ஏற்றும்போது திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சமாச்சும் சாப்புடு புள்ள."

நான் தலைகூட அசைக்கவில்லை. அசைத்தால் எனக்கும் தெரியும் என்றாகிவிடும்.

கங்காணி வேலைக்குப் போகச் சொன்னார். போனேன். அன்று மதியம் மரத்தடியில் வயிற்றுப் பிள்ளை முதன்முதலாக அசைந்தது. யாரிடம் போய்ச் சொல்வேன்?