குறையே இல்லை என்று சொன்ன தெரு

இதை எழுத நான் யார் என்று எனக்கே தோன்றுகிறது. பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் இருந்தால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். பெரிய நிறுவனங்களைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

பட்டாபிராமில் எங்கள் தெருப் பெண்கள் பலர் ஏற்றுமதிச் சட்டைகளுக்கு வீட்டிலிருந்தே நூல் பிசிறு வெட்டிக் கொடுக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு என்ன செய்யலாம் என்று அரசாங்கங்களுக்கு யோசனை சொல்லும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, செய்து காட்டுவதற்காக இங்கே ஓர் உதவி மையம் வைத்திருந்தது. மாவு மில்லுக்கு மேலே ஒரே அறை. நலவாரிய அட்டைக்கு மனு எழுதுவது, சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்துக் கூலியைக் குறைக்கும் ஏஜென்டிடம் பேசுவது எல்லாம் அங்கிருந்த அக்காதான். அவர் கணவர் படுக்கையில் கிடந்தார். மருந்தும் சோறும் அந்தச் சம்பளத்தில்தான்.

அந்த நிறுவனம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, அதோடு சம்பந்தமில்லாத ஒரு மேடம் வந்தார். கோயம்புத்தூரில் பிறந்து வெளிநாட்டில் இருப்பவர். வீடு வீடாகக் கூட்டிப்போக அவர் தரப்பில் என்னைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அக்கா எங்களோடு வரக்கூடாது, எந்த வீட்டிலும் தண்ணீர் தவிர எதுவும் குடிக்கக் கூடாது என்றார் மேடம். யார் பக்கமும் சாயாமல் இருக்கத்தானாம்.

தெருவில் முன்னாடியே பேசி வைத்திருந்தார்கள். குழாயடியில் நான் கேட்டதுதான்.

"வாயத் தொறந்து கொறை சொன்னே, அக்கா சோத்துல மண்ணு."

"அப்போ நம்ம கூலி கொறஞ்சிகினே கீதே?"

"அத்த அப்பால பாத்துக்கலாம்டி."

முதல் வீடு என் எதிர்வீட்டுக்காரியுடையது. போன வாரம் ஏஜென்டைக் காது கூசத் திட்டியவள்.

"ஏஜென்ட் கூலி சரியாத் தர்றாருங்களா?" என்றார் மேடம்.

"தங்கமான மன்சன் மேடம்."

"இன்னும் என்ன உதவி வேணுங்க?"

"இன்னாத்துக்கு? எல்லாம் அக்கா முட்சி குட்த்துட்டாங்க. ஒரு கொறையும் இல்ல."

வெயிலில் தெரு முழுக்க நடந்தோம். எல்லா வீட்டிலும் இதே பாட்டு. கடைசியில் காரில் ஏறி உட்கார்ந்ததும் மேடம் சிரித்தார்.

"சந்தோஷமா இருக்குங்க. இங்க வேலை முடிஞ்சிருச்சு. மையத்தை இன்னும் ஒண்ணும் கிடைக்காத ஊருக்குக் கொண்டு போகலாம்னு எழுதிடறேன்."

நான் உள்ளதைச் சொன்னேன். "மேடம், அக்கா வேலை போயிடும்னுதான் அவங்க அப்படி சொன்னாங்க. கூலி கொறஞ்சிதான் போச்சு."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "நீங்க எங்ககிட்ட கூலி வாங்கறவங்க. நீங்க சொல்றத நான் எழுத முடியாதுங்க. அவங்கள்ல ஒருத்தராவது வந்து சொல்லட்டும். காத்திருக்கேன்."

எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் மடியில் சட்டை, கையில் கத்தரி.

"இன்னாடி, அக்கா வேலைக்கு ஒலை வெச்சிட்டியா?"

"வெச்சது நாமதான். கொறையே இல்லன்னா மையம் எதுக்குன்னு மூடிடுவாங்களாம். நீ வந்து உள்ளத சொல்லு."

அவள் கத்தரியைக் கீழே வைத்தாள். "கொறை சொன்னா அக்காவத் தூக்குவாங்க. நல்லது சொன்னா மையத்தையே தூக்குவாங்களா? இன்னா நாயம் இது?"

"வாயேன்."

"இப்ப மாத்திப் பேசினா பொய்க்காரின்னு எழுதிக்குவாங்க. அக்கா மூஞ்சில எப்டி முழிப்பேன்? நீ போ."

வேறு இரண்டு வீடுகளிலும் கேட்டேன். ஒருத்தி அடுப்பில் வேலை இருக்கிறது என்றாள். இன்னொருத்தி கதவைத் திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

தனியாகத் திரும்பி வந்த என்னைப் பார்த்ததும் மேடத்துக்குப் புரிந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கம் சாயாமல் இருப்பதுதான் அவர் வேலை. ஆனால் அன்றைக்கு இருந்த அசதி இன்னும் எனக்குத் தீரவில்லை. அறிக்கை அவர் சொன்னபடியே போனது. மழைக்காலத்துக்கு முன்னால் அறையைக் காலி செய்தார்கள்.

அதெல்லாம் பிறகு. மறுநாள் காலை மேடம் விமானம் ஏறிப் போய்விட்டார். அக்கா வழக்கம்போல மையத்தைத் திறந்து பெருக்கினார். யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.