என் தோளுக்கு ஏற்ற ரவை

கடைக்காரர் கண்ணாடி மேசையின்மேல் இரண்டு துப்பாக்கி ரவைகளை நிமிர்த்தி வைத்தார். சிறியது என் சுட்டுவிரல் நீளம். பெரியது நடுவிரலையும் தாண்டி நின்றது. அதன் முனையில் இருந்த சன்னம், பறந்துபோய்த் தைக்கும் பகுதி, பார்த்தவுடனேயே தடிப்பாகத் தெரிந்தது. அவர் பேசியது ஜேர்மன். ஆனால் யார் என்னோடு ஜேர்மனில் பேசினாலும் எனக்குள் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் ஓடும். ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

“எல்ஷுக்குப் போற ஆக்கள் எல்லாரும் இதைத்தான் கொண்டு போறவை,” என்று பெரியதை என் பக்கம் நகர்த்தினார். பிறகு என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, “உங்களுக்கு எண்டால் சின்னது காணும்,” என்றார்.

அந்தக் கடைசி வசனத்தால்தான் நான் பெரியதை வாங்கினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு இது பிறவிக் குணம். பெண் பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு மண்டபமாகட்டும், காராகட்டும், ஒருவர் எங்களைக் குறைத்து ஒரு பார்வை பார்த்தால் போதும், தேவைக்கு இரண்டு மடங்கு பெரிதாக எடுத்துவிடுவோம். நான் கொண்டுவந்தது 9,3 மில்லிமீற்றர் ரவை சுடும் ஒரு பழைய துவக்கு. அதன் ஒரு சன்னம் பதினெட்டரைக் கிராம்.

எல்ஷ் என்பது மூஸ் மான். மான் என்று சொல்லக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. அதன் தோள் என் தலைக்கும் மேலே நிற்கும். ஜேர்மனியில் அதை வேட்டையாட வழியில்லை. எங்கள் வேட்டைக் குழு ஒவ்வொரு இலையுதிர் காலமும் அதற்காகச் சுவீடனுக்குப் போகும். எட்டு இடங்கள், பல வருடங்களாக அதே எட்டு ஆண்கள். அந்த வருடம் ஒருவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்ததால் ஒரு இடம் காலியானது. எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். குழுத் தலைவர் ஓய்வுபெற்ற சுரங்கப் பொறியியலாளர். அவர் முடியாது என்று சொல்லவில்லை. சுடுதிடலில் ஓடும் மிருக உருவத்தை நோக்கி ஐந்து முறை சுட்டு, நான்கை வட்டத்துக்குள் வைத்தால் இடம் என்னுடையது என்றார். எல்லோருக்கும் அதே சோதனைதான்.

நான் டோர்ட்மண்டில் ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கூடத் தாதி. ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு ஏன் இந்த வேட்டை என்று கேட்காத ஆள் இல்லை. நான் இறைச்சி தின்பவள். கொல்லும் வேலையை மட்டும் வேறொருவர் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவ எனக்கு விருப்பமில்லை. இதைச் சொன்னால் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள், மாற்றட்டும். வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி, பக்கத்து ஊரான ஊன்ட்றொப்பின் அம்மன் கோயில் தேருக்கு விரதம் என்று இருக்கும் என் கணவருக்கு அந்தத் துவக்கைக் கண்டவுடன் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னப்பா, சூரன்போருக்கோ போறீர்?” என்று கேட்டார்.

சோதனை நாளன்று ஐந்தில் இரண்டுதான் வட்டத்துக்குள் விழுந்தன. மற்ற மூன்றும் கீழே மண்ணுக்குள் போயின. எனக்கே என்ன நடந்தது என்று புரியவில்லை. சுற்றி நின்ற ஆண்கள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். தலைவர் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய குரல், துக்க வீட்டில் பேசும் குரலாக மாறியிருந்தது.

“நீர் சுடமுதலே துள்ளுறீர். உம்மில பிழை இல்லை. சின்ன வயசில யுத்தத்துக்குள்ள இருந்தனீர். உடம்பு அதை மறக்காது. இந்த முறை சும்மா பார்க்க வாரும். நாய்களோட காட்டுக்குள்ள நடக்கிற ஆக்களோட வரலாம்.”

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது! சுடத் தெரியாது என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த நாட்டில் எனக்கு எது பிழைத்தாலும் அதற்கு ஒரு யுத்தம் காரணமாகக் கிடைத்துவிடுகிறது. பாடசாலையில் கணக்குப் பிழைத்தபோது ஆசிரியை அதைத்தான் சொன்னார். பிள்ளைப்பேறு நீண்டபோது மருத்துவிச்சியும் அதைத்தான் சொன்னார்.

யுத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பனங்குற்றி அடுக்கிய பதுங்குகுழி, என் இரண்டு காதையும் பொத்திய அம்மாவின் ஈரக் கைகள், எல்லாம் இருக்கின்றன. ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் எலும்பைத் துளைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் நிற்கிறேன், துள்ளுவதில்லை. வருடப்பிறப்பு வெடிக்கு டோர்ட்மண்ட் முழுவதும் அதிரும், அப்போதும் துள்ளுவதில்லை. இந்த ஒரு துவக்குக்கு மட்டும் துள்ளுகிறேன் என்றால், அதைப் பற்றித் துவக்கிடம்தான் கேட்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். வலத் தோளில் உள்ளங்கையளவு நீலம் பாரித்திருந்தது. கணவர் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

“நீர் சின்னதையே வாங்கும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது,” என்றார்.

“கடுகுக் கதையை விடுங்கோ. நான் சின்ன ஆள் எண்டதால இல்லை. இது ஆரைச் சுட்டாலும் முதல்ல சுடுறவனைத்தான் அடிக்கும்.”

“ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டு சொன்னாளாம் எண்டுதான் உங்கட தலைவர் நினைப்பார்.”

அவர் சொன்னதும் சரிதான். அப்படித்தான் நினைப்பார்கள். அதற்காக அந்தத் தடியை வைத்துக்கொண்டு இன்னொரு முறை மண்ணைச் சுட நான் ஆயத்தமில்லை. விரலுக்குத் தக்க வீக்கம் என்று எங்கள் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? அடுத்த வாரமே துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அன்று மேசையில் வைத்த அந்தச் சிறிய ரவையை, .308 ஐ, சுடும் ஒன்றை எடுத்தேன். அதே கடை, அதே மனிதர். அவர் முகத்தில் வந்த சிரிப்பை அவருக்கே விட்டுவிட்டேன்.

சன்னத்தைத் தெரிவுசெய்ய நான் எடுத்த நேரம் கலியாணச் சேலை எடுத்ததைவிட அதிகம். ஈயம் எங்கள் மாநிலத்தில் வேட்டைக்கு ஆகாது. ஆகுமென்றாலும் என் பிள்ளைகளின் கறிச்சட்டிக்குள் ஈயத்தூள் விழ நான் விடமாட்டேன். ஆகவே முழுச் செம்பு. செம்புச் சன்னம் உடைந்து சிதறாது. உள்ளே போனதும் அதன் முனை இதழ் இதழாக விரியும். விரிவதற்கு வேகம் வேண்டும். அதனால் அதே ரவையில் மிகப் பாரமானதை விட்டு, பதினொரு கிராமுக்குச் சற்றுக் குறைந்ததைத் தெரிவுசெய்தேன். வேட்டைக்குக் காடு தரும் சுவீடன்காரர் அனுப்பிய கடிதத்தில் கேட்டிருந்த பாரமும் விசையும் அதில் இருந்தன. மற்றதெல்லாம் எனக்கு வேலையிடத்தில் தெரிந்த விஷயம். எல்ஷின் நெஞ்சுக்குள் இரண்டு நுரையீரலும் சேர்ந்து ஒரு சுளகு அளவு வரும். அதற்குள் ஒரு துளை போனால் எந்த உயிரும் மிஞ்சாது. அதற்கு வெளியே போனால் பீரங்கிக் குண்டாக இருந்தாலும் பிரயோசனமில்லை.

தலைவரிடம் இரண்டாவது சோதனை ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒரு சின்னப் பையோடு போனேன். அதற்குள் மருந்தில்லாத வெற்று ரவைகள் இருந்தன, பயிற்சிக்கென்றே விற்பவை. தலைவரிடம் அவற்றைக் கொடுத்து, உண்மையான ரவைகளோடு கலந்து, நான் பாராமல் நீங்களே என் துவக்கில் போடுங்கள் என்றேன். வெற்று ரவை வரும்போது வெடிக்காது. அந்த நேரம் சுடுபவர் துள்ளினால் குழல்நுனி கீழே போகும், எல்லோருக்கும் தெரியும். ஒளிக்க இடமே இல்லை.

மூன்று தரம் வெற்று ரவை வந்தது. மூன்று தரமும் “டிக்” என்ற சத்தம் மட்டும்தான், நுனி அசையவில்லை. அதன் பிறகு ஓடும் உருவம் வந்தது. ஐந்தில் நான்கு வட்டத்துக்குள்.

தலைவர் இலக்கு மட்டையின் துளைகளை விரலால் எண்ணினார். “வடிவாத்தான் சுட்டிருக்கிறீர்,” என்றார். “ஆனா எல்ஷுக்கு இந்த ரவை காணாது. நான் பொறுப்பான ஆள். நாளைக்கு அது காயத்தோட ஓடினா?”

“நீங்கள் எதால சுடுறனீங்கள்?”

“ஒன்பது மூன்றால.”

“அப்ப நீங்களும் இப்பிடி ஒருக்கால் சுட்டுக் காட்டுங்கோ. நான் போட்டுத் தாறன்.”

அவர் சிரித்துக்கொண்டே தன் துவக்கை நீட்டினார். முதலாவதாக அவருடைய உண்மையான ரவையையும் இரண்டாவதாக, அவருடைய அளவில் நான் கொண்டுவந்திருந்த வெற்று ரவையையும் போட்டேன். முதலாவது வெடித்தது. இரண்டாவதற்கு “டிக்” என்றது. அந்தப் பெரிய மனிதரின் தோள் முன்னுக்கு எகிறியது, கண் மூடியது, குழல்நுனி ஒரு சாண் கீழே இறங்கியது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் செருமினார்.

“உங்களுக்கு எந்த யுத்தம்?” என்று கேட்டேன்.

அத்தனை பேருக்கும் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று கணவர் பின்னர் சொன்னார். கேட்டதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை. தலைவர் துவக்கைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போனார். நான்கு நாள் கழித்து அவரிடமிருந்து ஒரு வரித் தகவல் வந்தது: இடம் உமக்கு.

சுவீடனில் மூன்றாம் நாள் காலை, ஊசியிலைக் காட்டின் ஓரத்தில் நான் தனியே நின்றேன். அடுத்த நிலையில் தலைவர் நின்றார். நாய்கள் தூரத்தில் குரைத்தன. ஒரு இளம் ஆண் எல்ஷ் சத்தமே இல்லாமல் சதுப்பைக் கடந்து வந்து, எழுபது மீற்றரில் பக்கவாட்டாக நின்றது. சுட்டேன். அது ஒன்றும் நடக்காததுபோல அப்படியே நின்றது. எல்ஷ் அப்படித்தான், தான் செத்துவிட்டதை அறிய அதற்கு நேரம் வேண்டும். துவக்கு என்னை உதைத்துத் தள்ளாததால் என் கண் அதை விட்டு விலகவில்லை. முதல் சன்னம் பட்ட இடத்தில் மயிர் சிலிர்த்ததைக் கண்டிருந்தேன். அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று கொடுத்தேன். இருபது அடி நடந்து, முன்னங்கால்களை மடித்து, படுத்துவிட்டது.

கிட்டப் போனபோது எனக்கு அழுகை வந்தது. பெரிய, சூடான உடம்பு அது, இப்போதுதான் மூச்சை விட்டிருந்தது. அழுதேன்தான். தலைவர் வருவதைக் கண்டும் முகத்தைத் துடைக்கவில்லை. எதையாவது நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

அவர் ஒரு சின்னக் கிளையை முறித்து எல்ஷின் வாய்க்குள் வைத்தார். கடைசி வாய் உணவு என்பது இங்கத்தைய வேட்டைக்காரர் வழக்கம். எனக்கு அதைக் காணும்போதெல்லாம் வாய்க்கரிசிதான் நினைவு வரும். பிறகு தொப்பியைக் கழற்றி இடப் புருவத்தைக் காட்டினார். அதில் ஒரு பழைய வெட்டு இருந்தது.

“பதினாலு வயசு. அப்பாவின்ர துவக்கு. துவக்கில பூட்டியிருந்த தொலைநோக்கி உதைச்சு வந்து இதில அடிச்சது. அழுதன். அழுததுக்கு அவர் தன்ர கையால இன்னொண்டு தந்தார்,” என்றார். “அதுக்குப் பிறகு நான் சின்னத் துவக்கு ஒண்டும் தொட்டதில்லை.”

நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். ஐயோ பாவம் என்று சொல்வதற்கு நல்ல இடம் அது. நெஞ்சில் இரக்கம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தத் துக்க வீட்டுக் குரலை என் வாயால் அவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று நின்றேன். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“திரும்பிப் போனதும் வாற செவ்வாய்க்கிழமை பின்னேரம் அஞ்சு மணி, சுடுதிடல்,” என்றேன். “என்ர துவக்கைக் கொண்டு வாறன். வெறும் ரவை அஞ்சு, உண்மை ஒண்டு. துள்ளுறது நிக்கும்வரைக்கும்.”

அவர் எல்ஷைப் பார்த்தார், என் துவக்கைப் பார்த்தார்.

“ஓம், வாறன்,” என்றார்.

முதல் சோதனையன்று சுடுதிடலில் அவர் எனக்குத் தந்திருக்க வேண்டியதும், நாளும் நேரமும் குறித்த இப்படி ஒரு டெர்மின்தான்.